மே மாத வேலையைத் தையிலேயே கேளுங்கள்

ஏப்ரல் கடைசியானால் என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி பல எண்களிலிருந்து வரும். "சார், உங்க ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் இருக்கா?" அனுப்புகிறவர்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள். நான் நடத்துவது நான்கு பேர் வேலை பார்க்கும் பதிப்பகம். "என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டால், "எதுனாலும் பரவாயில்ல சார்" என்று பதில் வரும். அந்தப் பிள்ளையை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று எனக்குத் தெரியாது. பேச்சு அதோடு நின்றுவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பெரிய நிறுவனங்கள் நடத்தும் திட்டங்கள் கொஞ்சம்தான். இஸ்ரோ 2019இல் தொடங்கிய யுவிகா அவற்றில் ஒன்று. அது ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. பயிற்சி மே மாதத்தில். விண்ணப்பமோ முழுப்பரீட்சைக்கு முன்பே முடிந்துவிடும். மற்றபடி உருப்படியான இடம் எதற்கும் விளம்பரம் இருக்காது. தேடிப் போய்க் கேட்க வேண்டியதுதான்.

வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்துக்குள் பாருங்கள். கால்நடை மருத்துவர், ஆடிட்டர், நாற்றுப்பண்ணை, கட்டட வரைபடம் போடுகிறவர், நூலகம் என்று ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம் வேண்டாம் என்பது என் கட்சி. பெரிய கம்பெனியில் ஓர் ஓரமாக உட்கார வைத்து, இரண்டு வீடியோ காட்டி, சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான்கு பேர் இருக்கும் இடத்தில் யாராவது ஒருவர் லீவு போட்டால் அந்த வேலை உங்கள் கைக்கு வரும்.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பருவம் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வக்கீல் ஆக ஆசைப்படும் பிள்ளை மே மாதம் சீனியரின் அலுவலகத்துக்குப் போனால், உயர் நீதிமன்றமே கோடை விடுமுறையில் இருக்கும். வாதம் கேட்க வேண்டுமென்றால், பரீட்சை முடிந்து மே பிறப்பதற்குள் நான்கு நாள் கிடைத்தாலும் போய்விடுங்கள். சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர் அமைப்பின் இரவு நடைகளும் ஆண்டின் முதல் மூன்று நான்கு மாதங்களில்தான். மே மாதத்தில் போய் ஆமையைக் கேட்டால் மணல்தான் இருக்கும். எனவே முதலில் கேட்க வேண்டியது, அவர்களுக்கு எந்த மாதத்தில் வேலை அதிகம் என்பது.

இனி கடிதம். பத்தில் ஒன்பது பேர் கவிழ்வது இங்கேதான்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உடையவன்" என்று தொடங்கும் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. செயலியில் எழுதி வாங்கியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி பிப்ரவரியில் எனக்கு எழுதியது எட்டே வரி. எங்கள் புத்தகம் ஒன்றில் 43ஆம் பக்கத்தில் தாமிரபரணி என்றும் 61ஆம் பக்கத்தில் தாமிரவருணி என்றும் அச்சாகியிருப்பதாக எழுதியிருந்தாள். இரண்டில் எதைப் போடுவது என்று உங்கள் அலுவலகத்தில் முடிவு செய்வது யார், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். மே 2 முதல் 20 வரை, காலை 10 மணியிலிருந்து 2 மணி வரை வர முடியும், சம்பளம் எதிர்பார்க்கவில்லை, அம்மாவுக்குத் தெரியும், இது அம்மாவின் எண். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அன்றே பதில் போட்டேன்.

அந்த எட்டு வரியில் இருந்ததைக் கவனியுங்கள். எங்கள் வேலையைப் பார்த்திருக்கிறாள் என்பதற்கு ஓர் அடையாளம். ஒரு கேள்வி. தேதி, நேரம். பெரியவர்களுக்குத் தெரியும் என்ற உறுதி. கால்நடை மருத்துவருக்கு எழுதினாலும் இதே நான்குதான். உங்கள் தெரு நாய்க்கு அவர் ஊசி போட்டதைப் பார்த்து எழுந்த ஒரு சந்தேகம் போதும். மதிப்பெண் பட்டியலை இணைக்காதீர்கள், கேட்டால் கொடுக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் கேட்காதீர்கள், யாரும் பயந்துவிடுவார்கள்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை போன் செய்யுங்கள், காலை 11 மணிக்கு மேல். நீங்களே பேசுங்கள். அப்பா பேசினால், வேலை கேட்பது அப்பாதான் என்று தோன்றும். ஆனால் முதல் நாள் அப்பாவோ அம்மாவோ கூட வந்து இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே ஓர் ஆளோடு தனியாக இருக்க வேண்டிய இடம் என்றால் திரும்பிவிடுங்கள், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும். 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களைச் சுரங்கத்திலும், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் என்கிறார்களா? கட்டாதீர்கள். அதில் பேசுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

சேர்ந்தபின் முதல் வாரம் எடுபிடி வேலைதான். அந்தப் பெண்ணும் ஐந்து நாள் மூலப்பிரதியைச் சத்தமாக வாசித்தாள். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் அச்சுப்படியை ஒத்துப் பார்த்தார். தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தாமல் வாசிப்பாள், பிறகு தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாவது திங்கட்கிழமைதான் முக்கியம். பலர் சலித்துப்போய் நின்றுவிடுவது அன்றுதான். அன்று போய், "நான் மட்டும் பார்த்து முடிக்கிற மாதிரி ஒரு வேலை குடுங்க" என்று கேளுங்கள். அவள் கேட்டாள். எங்கள் புத்தகங்களில் ஊர்ப்பெயரும் ஆற்றுப்பெயரும் எப்படி வர வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாள். இன்றும் அது மெய்ப்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

கிளம்பும்போது சர்டிபிகேட்டுக்குப் பதில், என்ன வேலை செய்தீர்கள் என்று நான்கு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்குமே இடம் கிடைக்கவில்லையென்றால் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பாருங்கள். பழைய நூல்கள் ஏராளமாகக் காத்திருக்கின்றன, யார் அனுமதியும் வேண்டாம். அடுத்த ஆண்டு கடிதத்தில் எழுத அதுவே ஒரு வரி.

எங்கள் பதிப்பகத்தில் மே மாதத்துக்கு ஒரு நாற்காலிதான் காலி. மாசி முடிவதற்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள்.