முகத்தில் போடும் ஃபில்லர் ஊசி: மார்க்கம் எதை அனுமதிக்கிறது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



தோலுக்கு அடியில் ஜெல்லைச் செலுத்தி உதடு, கன்னம், மூக்கை நிரப்பும் ஊசிக்கு ஃபில்லர் என்று பெயர். பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலமே போடப்படுகிறது. நம் தோலிலும் மூட்டிலும் அல்லாஹ் இயல்பாகவே வைத்திருக்கும் பொருள்தான் அது. பொதுவாக 6 முதல் 18 மாதங்களில் பலன் குறைந்துவிடும்.

இது கூடுமா?

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கில் துர்வாடை ஏற்பட்டது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட தங்கமே, குறையை நீக்க அனுமதிக்கப்பட்டது!

எனவே, விபத்தின் தழும்பு, நோயால் குழிந்த கன்னம் ஆகியவற்றுக்கு இந்த ஊசி மருத்துவமே. எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிப்போன கன்னத்துக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-ல் ஒரு ஃபில்லரை அனுமதித்தது.

ஆனால், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிப் படைப்பை மாற்றுவோர் சபிக்கப்பட்டதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். குறையே இல்லாத உதட்டைத் தடிமனாக்குவதும் இதில் அடங்கும் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. எது குறை, எது ஆசை என்பதில் ஐயம் இருந்தால், ஊசிக்கு முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

ஆபத்து என்ன?

ஜெல் இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் அடைப்பு ஏற்பட்டுத் தோல் அழுகலாம். மூக்கிலும் புருவங்களுக்கு நடுவிலும் போடும்போது கண்ணின் இரத்தக் குழாய் அடைபட்டு, பார்வை நிரந்தரமாகப் பறிபோகலாம். அரிதுதான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. கடும் வலி, தோல் வெளுத்தல், பார்வை மங்கல் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. நீங்கள் இதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவரா?
2. ஜெல்லைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து கைவசம் உள்ளதா?
3. இது எதிலிருந்து எடுக்கப்பட்டது? (கொலாஜன் வகைகள் சில மாடு, பன்றியிலிருந்து எடுக்கப்பட்டவை.)

பார்லரில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசியில்லாப் பேனா என்று விற்கப்படும் கருவிகள் வேண்டாமென அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021-ல் எச்சரித்துள்ளது. உடலும் கண்ணும் அமானிதம். தேவையின்றி அவற்றை ஆபத்தில் தள்ள நமக்கு உரிமையில்லை.

கடைசியாக, நம் நாவு

பெண் பார்க்கச் சென்று, "எல்லாம் சரி, மூக்குதான் கொஞ்சம் சப்பை" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். அந்தப் பிள்ளை பல மாதங்கள் கண்ணாடி முன் நிற்கிறாள். பிறகு ஊசியைத் தேடிப் போகிறாள். அவளுக்கு ஹராம், ஹலால் சொல்லும் முன், அவளை அங்கே அனுப்பிய சொல்லுக்கு நாம் தவ்பா செய்ய வேண்டாமா?

அல்லாஹ் தந்த முகத்தில் மனநிறைவையும், பிறர் முகத்தைக் குறை பேசாத நாவையும் அவன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.