மலை மண்ணைக் காக்க அரசுப் பணம்: கேட்டு வாங்குவது எப்படி?

இந்த மாதப் பாடத்துக்கு வத்தல்மலையை எடுத்துக்குவோம். தருமபுரிக்குப் பக்கத்தில் மூவாயிரம் அடிக்கு மேலே இருக்கிற மலை. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என்று சிற்றூர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைக்கிற சரிவுகளில் காப்பியும் மிளகும் நிற்குது. பெரும்பாலும் வானம் பார்த்த வெள்ளாமைதான்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் 40,000 லிட்டர். சரிவு நிலத்தில் அது நிற்காது, ஓடும். ஓடும்போது மேல்மண்ணையும் இழுத்துக்கிட்டுப் போகும். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மி.மீ. கனத்துக்கு மண் கரைந்தால் ஐந்து டன் போச்சு என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வருசம் பூரா போட்ட தொழுவுரமும் மக்கும் அந்த மேல்மண்ணில்தான் இருக்கு. இயற்கை விவசாயிக்கு மண் அரிப்புதான் முதல் நட்டம்.

பணம் எங்கே இருக்கு?

1. நீர்வடிப்பகுதித் திட்டம். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் நடக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்று நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை இருக்கிறது. 2021-26 காலத்துக்கான இரண்டாம் கட்டத்தில் சமவெளிக்கு எக்டேருக்கு 22,000 ரூபாய், மலைப்பகுதிக்கு 28,000 ரூபாய் வரை என்று வகுத்தார்கள். மலையில் ஏக்கருக்குச் சுமார் 11,300 ரூபாய். இதிலேயே பயிற்சி, திட்ட அறிக்கை, நிர்வாகச் செலவும் அடங்கும். அதனால் 'எங்க வயலுக்குப் பதினோராயிரம் வரும்'னு யாரும் நினைக்க வேண்டாம்.

2. வேளாண்மைப் பொறியியல் துறை. தடுப்பணை, பண்ணைக்குட்டை, வரப்பு வேலைகளுக்கு இவர்களைத்தான் பார்க்கணும்.

3. ஊரக வேலைத் திட்டம். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் மண், நீர்ப் பணிகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. காண்ட்ராக்டர் கூடாது என்றது. பழங்குடியினர், சிறு குறு விவசாயிகளின் சொந்த நிலத்திலும் வேலை செய்ய இடம் கொடுத்தது. வன உரிமைச் சட்டப்படி நில உரிமை பெற்றவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. மலையில் பலருக்குக் காகிதம்தான் தடை. ஆகவே நில உரிமைப் பத்திரத்தை முதலில் சரி பண்ணிக்குங்க.

நம்ம பங்கு

2008 பொது வழிகாட்டு நெறிமுறைப்படி, சொந்த நிலத்தில் நடக்கிற வேலைக்குப் பயனாளி 10 சதவீதம் தரணும். பட்டியலினத்தார், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகளுக்கு 5 சதவீதம். இந்தப் பணம் கிராமத்தின் நீர்வடிப்பகுதி நிதியில் சேரும். திட்டம் முடிந்த பிறகு உடைந்த தடுப்பணையைப் பழுது பார்க்க அதுதான் ஆதாரம். ரசீது கேளுங்க. நிதிக் கணக்கைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்க.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

பணம் வந்ததும் பலரும் ஓடையில் சிமெண்ட் தடுப்பணை கேட்கிறோம். மேலே சரிவைக் கட்டாமல் கீழே அணை கட்டினால், சில மழையிலேயே வண்டல் நிரம்பி மேடாகிடும். வரிசை இப்படி இருக்கட்டும்: மலைத்தலையில் மரம், புல், சரிவில் சம உயரக் கல்வரப்பு, சிற்றோடையில் கல் அடுக்குத் தடுப்பு, கடைசியில் குட்டையும் தடுப்பணையும்.

சம உயரம் பார்க்க இயந்திரம் தேவையில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு மூங்கிலை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வையுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் கல் தொங்கட்டும். இரண்டு காலும் ஊன்றிய இடத்தில் கயிறு குறுக்குக் கம்பைத் தொடுகிற புள்ளியைக் குறியுங்கள். காலை மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அதில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி நடந்தால் சம உயரக் கோடு கிடைத்துவிடும்.

கல்வரப்பு அரசுப் பணத்தில் வரலாம். அதன்மேல் வெட்டிவேர் நடுவது, சாமைக்கு நடுவே துவரை விதைப்பது, காப்பிக்கு மூடாக்குப் போடுவது நம்ம வேலை. வேர் பிடிக்காத வரப்பு ரொம்ப நாள் தாங்காது.

இப்போது செய்ய வேண்டியது

ஊர்க்காரர் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மழை நாளில் உச்சியிலிருந்து ஓடை வரை நடங்க. தண்ணீர் எங்கே செம்மண்ணாக ஓடுதோ அங்கே குறி வையுங்க. தரையில் வரைந்த படத்தைத் தாளுக்கு மாற்றுங்க. சர்வே எண், வேலை, அளவு, பயன்பெறும் குடும்பம் நான்கையும் எழுதுங்க. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு மனுவாக மட்டும் கொடுத்துட்டு வந்துடாதீங்க. தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் வாங்கிட்டு வாங்க. அடுத்த கூட்டத்தில் அந்த நகலைக் காட்டித்தான் 'என்ன ஆச்சு?'ன்னு கேட்க முடியும்.