அண்மையின் அருமை

தொலைவில் உள்ள பொருளை வியத்தலும் அருகில் உள்ள பொருளை மறத்தலும் மக்களிடம் காணப்படும் இயல்புகளாகும். பல நூறு கிலோமீட்டர் கடந்து சென்று ஓர் அருவியைக் கண்டு மகிழ்பவர், தம் ஊரை அடுத்த ஏரியின் கரையில் ஒரு நாளேனும் நின்றிரார். பெருஞ்செலவு செய்து காண்பதே சிறந்தது என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணம்; அருகில் இருப்பதை எப்பொழுது வேண்டுமாயினும் காணலாம் என்னும் சோம்பல் மற்றொரு காரணம். இவ்விரண்டினாலும் மறைந்து கிடக்கும் ஊர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. கனடா நாட்டின் புல்வெளிச் சிற்றூர்கள் அவற்றிற்கு நல்ல சான்றாகும்.

கனடாவின் மேற்குப் பகுதியில் மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என்னும் மூன்று மாகாணங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றின் தென்பகுதி பெரும்பாலும் பரந்த சமவெளி. அதனைப் பிரெய்ரி என்பர். பண்டு காட்டெருமைகள் மேய்ந்த அந்நிலத்தில் இன்று கோதுமையும், கடுகினத்தைச் சார்ந்த கனோலாவும், பருப்பு வகைகளும் விளைகின்றன. நம் நாட்டு அங்காடிகளில் மைசூர்ப் பருப்பு என விற்கப்படும் செந்நிறப் பருப்பில் ஒரு பகுதி, கடல் கடந்து அச்சமவெளியிலிருந்து வருவதேயாகும்.

அங்கே குளிர்காலம் நெடிது, கோடைகாலம் குறுகியது. பல திங்கள் பனி மூடிக் கிடந்த நிலம், ஜூன் திங்களில் பசுமை பூண்டு நிற்கும். அப்பொழுது பகற்பொழுது 16 மணி நேரத்திற்கு மேலும் நீளும். ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரு திங்களும் பள்ளிகளுக்கு விடுமுறை. குடும்பத்தோடு வெளியே சென்று வருவதற்கு ஏற்ற காலம் அதுவே. ஆயினும் பலர் மேற்கே உள்ள ராக்கி மலைகளை நோக்கியே விரைவர். இடையில் உள்ள சமவெளியைக் கடக்க ஒரு முழு நாள் வேண்டும். 'வழியில் காண்பதற்கு யாதும் இல்லை' என்று கூறிக் குழந்தைகள் வண்டியிலேயே உறங்கிவிடுவதும் உண்டு. அக்கூற்று மெய்தானா என்பதை ஆராய்வோம்.

அச்சிற்றூர்கள் தோன்றிய முறையே அறியத்தக்கது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டில் இட்டு முடிக்கப்பட்டது. பின்னர்ப் பல கிளைப் பாதைகள் சமவெளி எங்கும் பரவின. குதிரை வண்டியில் தானியம் ஏற்றி வரும் உழவர், அதனை விற்றுவிட்டு அன்றே வீடு திரும்புதல் வேண்டும். ஆதலின், ஏறத்தாழ 12 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையங்கள் அமைக்கப்பட்டன. நிலையத்தைச் சுற்றி ஒரு கடை, ஒரு பள்ளி, ஒரு கோயில், சில வீடுகள் எழுந்தன. இருப்புப்பாதையின் ஓரத்தில் மரத்தாலான உயர்ந்த தானியக் களஞ்சியம் ஒன்றும் எழுந்தது.

அக்களஞ்சியம் இயங்கும் முறை எளியது. ஆயினும் அறிவு நிறைந்தது. உழவர் கொணர்ந்த தானியம் முதலில் வண்டியோடு நிறுக்கப்படும். பின்பு தரையின் கீழ் உள்ள குழியில் கொட்டப்படும். சுழன்றுகொண்டே இருக்கும் நீண்ட வார் ஒன்றில் வரிசையாகப் பொருத்தப்பட்ட சிறு வாளிகள், அதனை அள்ளிக் களஞ்சியத்தின் உச்சிக்குக் கொண்டு செல்லும். உச்சியிலிருந்து அது குழாய் வழியே இறங்கித் தனக்குரிய அறையில் தங்கும். ரயில் பெட்டி வந்து நின்றதும், திறப்பைத் திறந்த அளவில் தானியம் தன் எடையாலேயே வழிந்து பெட்டியை நிரப்பும். உயர்த்துவதற்கே பொறி வேண்டும். இறக்குவதற்கு இயற்கையே போதும்.

1930-ஆம் ஆண்டுகளில் இத்தகைய களஞ்சியங்கள் ஐயாயிரத்திற்கும் மேல் இருந்தன. அவற்றின் சுவர்களில் ஊரின் பெயர் பெரிய எழுத்துகளில் தீட்டப்பட்டிருக்கும். கடலில் செல்வோர்க்குக் கலங்கரை விளக்கம் போலச் சமவெளியில் செல்வோர்க்கு அவை ஊரைக் காட்டி நின்றன. நல்ல சாலைகளும் லாரிகளும் பெருகிய பின்னர் உழவர் தொலைவான இடத்திற்கும் தானியத்தைக் கொண்டு செல்லலாயினர். கிளை இருப்புப்பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தானியத்தை ரயிலில் அனுப்புவதற்கு அரசு அளித்துவந்த உதவித்தொகை 1995-ஆம் ஆண்டில் நின்றது. அதன்பின் இம்மாற்றம் மேலும் விரைந்தது. மரக் களஞ்சியங்கள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. களஞ்சியம் வீழ்ந்தபொழுது அதில் எழுதியிருந்த ஊரின் பெயரும் உடன் வீழ்ந்தது.

மானிட்டோபாவில் உள்ள இங்லிஸ் என்னும் சிற்றூர் மக்கள் இந்நிலைக்கு இடம் கொடுத்திலர். 1922-க்கும் 1941-க்கும் இடையே கட்டப்பட்ட ஐந்து களஞ்சியங்கள் அங்கே ஒரே வரிசையில் நின்றன. ஊராரும் சுற்றுப்புறத்தாரும் ஒன்றுகூடி உழைத்து அவற்றை அழியாமல் காத்தனர். இன்று அவை தேசிய வரலாற்றுச் சின்னமாக விளங்குகின்றன. கோடையில் அங்குச் செல்வோர் உள்ளே புகுந்து எடைமேடையையும் வாரையும் வாளிகளையும் காணலாம். தாம் நாள்தோறும் உண்ணும் ரொட்டியின் வரலாற்றை அம்மரச் சுவர்களின் நடுவே நின்று கற்கலாம்.

அந்நிலத்தை உழுதவர் யாவர்? பல நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் அவர்கள். அவருள் உக்ரைன் நாட்டார் 1891-ஆம் ஆண்டு முதல் வரத் தொடங்கினர். ஆல்பர்ட்டாவின் தலைநகரான எட்மண்டனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் வெகிரவில் என்னும் ஊர் உள்ளது. ஈஸ்டர் திருநாளில் முட்டை ஓட்டின்மேல் நுண்ணிய கோலங்களை வண்ணத்தால் எழுதுவது உக்ரைன் மக்களின் தொன்மையான கலை. அக்கலையைப் போற்றும் வகையில், 9 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் முட்டை ஒன்று 1975-ஆம் ஆண்டில் அவ்வூரில் நிறுவப்பட்டது.

முட்டையின் வளைவு இடத்திற்கு இடம் மாறுவது. தட்டையான அலுமினியத் தகடுகளைக் கொண்டு அதனை எவ்வாறு அமைப்பது? கணிப்பொறி அறிஞராகிய ரொனால்டு ரெஷ் என்பவர் கணக்கால் இதற்கு வழி கண்டார். 2,208 முக்கோணத் தகடுகளும் 524 விண்மீன் வடிவத் தகடுகளும் இணைந்து அவ்வளைவை உருவாக்குகின்றன. காற்று வீசும்பொழுது அப்பெரிய முட்டை மெல்லத் திரும்பும். பாட்டியர் விளக்கொளியில் எழுதிய கோலம், பேரர் காலத்தில் வடிவக் கணிதமாக வளர்ந்து நிற்பதை அங்கே காணலாம்.

குடியேறியவர் வருவதற்கு முன் அந்நிலம் வெற்றிடமாக இருக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே முதற்குடி மக்கள் வாழ்ந்து வந்தனர். ஆல்பர்ட்டாவின் தென்பகுதியில், போர்ட் மெக்லியோட் என்னும் சிற்றூருக்கு அண்மையில் ஒரு செங்குத்தான பாறை விளிம்பு உள்ளது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளாக அது வேட்டைக்குப் பயன்பட்டது. இருபுறமும் கற்குவியல்களை அடுக்கி வழி அமைத்து, காட்டெருமைக் கூட்டத்தை அவ்வழியே செலுத்தி, விளிம்பிலிருந்து வீழச் செய்தனர். இறைச்சி உணவாயிற்று, தோல் கூடாரமும் உடையும் ஆயிற்று, எலும்பு கருவியாயிற்று. பாறையின் அடியில் எலும்புகளும் மண்ணும் 10 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குப் படிந்துள்ளன. யுனெஸ்கோ நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் அவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் காட்டெருமைகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. அவற்றை நம்பி வாழ்ந்தோர் பசியால் நலிந்து, ஒதுக்கப்பட்ட சிறு நிலப்பகுதிகளுக்குள் அடங்க நேர்ந்தது. இன்று அங்கு வருவோர்க்கு அவ்வரலாற்றை எடுத்துரைப்பவர்களுள் அம்மண்ணின் தொன்மக்களாகிய பிளாக்பூட் இனத்தாரும் உள்ளனர். தம் கதையைத் தாமே கூறும் அவர்தம் சொல்லைக் கேட்பதும் ஒரு கல்வியாகும்.

சஸ்காச்சுவானில் வாட்ரஸ் என்னும் ஊரின் அருகே சிறிய மானிட்டூ ஏரி உள்ளது. மானிட்டூ என்பது முதற்குடி மக்கள் மொழியில் தெய்வ ஆற்றலைக் குறிக்கும் சொல். ஓடைகளும் ஊற்றுகளும் அந்த ஏரிக்கு நீர் தருகின்றன. ஆனால் நீர் வெளியேறுவதற்கு வழி இல்லை. வெயிலால் நீர் ஆவியாகிச் செல்ல, உப்புகள் மட்டும் தங்கி நாளடைவில் செறிந்தன. ஆதலின் நீந்தத் தெரியாதவரும் அந்நீரில் மிதப்பர். அதில் நீராடினால் நோய் தணியும் என்பது முதற்குடி மக்களின் நம்பிக்கை. ஏரிக் கரையில் 1928-ஆம் ஆண்டில் எழுந்த நடன மண்டபம் ஒன்று உண்டு. ஆடுவோர் கால் களைக்காதிருக்க, அதன் மரத்தரையின் கீழே குதிரை மயிர் பரப்பப்பட்டுள்ளது. சாக்கடலைக் காணக் கடல் கடந்து செல்ல விரும்புவோர், சாஸ்கட்டூன் நகரிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் இந்த ஏரியை அடைந்துவிடலாம்.

மனிதர் வரலாற்றுக்கு முற்பட்ட செய்திகளையும் அச்சமவெளி தன்னுள் வைத்துள்ளது. மானிட்டோபாவின் கிளென்பரோ என்னும் சிற்றூரில் ஒட்டகச் சிலை ஒன்று நிற்கிறது. பனி பொழியும் நாட்டில் ஒட்டகத்திற்கு என்ன வேலை என்று காண்போர் நகைப்பர். ஊருக்கு வடக்கே சென்றால் விடை கிடைக்கும். அங்கே மரங்களின் இடையே மணற்குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பனியூழியின் இறுதியில், உருகிய பனிநீர் அகாசிஸ் என்னும் மாபெரும் ஏரியாய்த் தேங்கியது. அந்த ஏரியில் கலந்த ஆறு கொணர்ந்து குவித்த மணலே இக்குன்றுகள். ஒருகாலத்தில் நெடுந்தூரம் பரந்திருந்த மணலைப் புல்லும் மரமும் மூடிவிட்டன; இன்று சில சதுர கிலோமீட்டரே திறந்து கிடக்கிறது. மழை பெய்யும் நாடு ஆகையால் அது மெய்யான பாலை அன்று. ஆயினும் மானிட்டோபாவின் ஒரே பல்லி இனமாகிய சிறிய அரணை, அம்மணற்பகுதியையே தன் வாழிடமாகக் கொண்டுள்ளது.

இவை அனைத்தினும் தொன்மையான செய்தி ஈஸ்டெண்ட் என்னும் ஊரில் கிடைத்தது. சஸ்காச்சுவானின் தென்மேற்கில் உள்ள அவ்வூரில் சில நூறு மக்களே வாழ்கின்றனர். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியராகிய ராபர்ட் கெப்ஹார்ட் என்பவர், புதைபடிவங்களைத் தேடும் முறையைக் கற்க விரும்பி ஆராய்ச்சியாளருடன் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். அங்கே தேய்ந்த பல் ஒன்றும், வாலெலும்பு ஒன்றும் அவர் கண்ணில் பட்டன. அவை டைரனோசாரஸ் ரெக்ஸ் என்னும் டைனோசரின் உறுப்புகள். எலும்புகளைச் சூழ்ந்த பாறை மிகக் கடினமானது. ஆதலின் அவற்றை முற்றிலும் எடுத்துத் தூய்மை செய்யப் பல்லாண்டுகள் ஆயின. 'ஸ்காட்டி' எனப் பெயர் பெற்ற அவ்விலங்கு 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 13 மீட்டர். எடை 8,800 கிலோகிராமுக்கும் மேல் இருக்கலாம் என்றும், அதுவரை கிடைத்த அவ்வினத்தவற்றுள் அதுவே மிகப் பெரியது என்றும் 2019-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கணித்தனர். இன்று ஊரை அடுத்த குன்றின் சரிவில் ஒரு காட்சியகம் அமைந்துள்ளது. உலகம் வியக்கும் ஒரு பொருள், ஓர் ஆசிரியரின் வீட்டிற்கு அண்மையிலேயே கிடந்தது. கற்கும் விருப்பத்தோடு அவர் குனிந்து பார்த்தார். ஆகவே அது புலப்பட்டது.

இத்தகைய ஊர்களைக் காண விரும்புவோர் பல ஊர்களை ஒரே நாளில் சுற்றி வர முயலுதல் ஆகாது. ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும். வண்டியை நிறுத்திவிட்டுத் தெருவில் நடத்தல் வேண்டும். ஊரின் பெயர்க் காரணத்தை வினவுதல் வேண்டும். சிறிய அருங்காட்சியகத்தில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் பேசுதல் வேண்டும். பெயர்ப்பலகையில் எழுதாத பல செய்திகள் அவரிடம் இருக்கும்.

அம்முதியவரைப் போன்றோர் பலர் ஊதியம் பெறாமல் தொண்டு செய்பவர். ஊர் அருங்காட்சியகங்கள் பல கோடையில் மட்டுமே திறந்திருக்கும். வருவோர் குறைந்தால் அடுத்த ஆண்டு கதவு திறவாமலும் போகலாம். இளையோர் வேலை தேடி நகரங்களுக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் குறைந்த ஊரில் பள்ளி மூடப்படுகிறது. பள்ளி மூடிய ஊரில் கடையும் நிலைப்பதில்லை. கோடையில் வந்து போகும் விருந்தினர் இவற்றையெல்லாம் மாற்றிவிடுவர் என்று கூறுதல் மிகையாகும். மூடிய இருப்புப்பாதையை அவரால் திறக்க இயலாது. எனினும் அவர் வாங்கும் சிற்றுண்டி ஒரு கடைக்குத் துணை செய்யும். அவர் கேட்கும் வினா ஒரு முதியவரின் நினைவைக் காக்கும். அறியப்படாத ஊர் அழியும்பொழுது இரங்குவார் இலர். அறிந்தவர் உள்ள ஊருக்காகப் பேசுவதற்குச் சிலரேனும் இருப்பர்.

வழியில் காண்பதற்கு யாதும் இல்லை என்னும் கூற்று மெய்யன்று. காணும் விருப்பம் இல்லாமையே அவ்வாறு கூறச் செய்கிறது. நெடுந்தொலைவு செல்லுதல் நன்றே. அதனை ஒருவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அண்டை ஊரின் கதையை அறியாதவர், அயல்நாட்டின் கதையை முழுதும் உணர்தல் அரிது. அருகில் உள்ளதை உற்று நோக்கிப் பழகிய கண்ணே தொலைவில் உள்ளதையும் தெளிவாகக் காணும்.