மன்னார் வளைகுடாவில் ஒரு குடியிருப்பு

சென்ற மாதம் நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். தண்டவாளத்தோடு காலம் கழித்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் சிலர் நினைத்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீட்டர் கேஜ் காலத்தில், மண்டபம் பகுதியில் இருந்தவன் நான். பாம்பன் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் தெற்கே தெரியும் குருசடைத் தீவுதான் எனக்கு முதல் பாடம்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இப்படி 21 தீவுகள் இருந்தன. 1986ல் இவை தேசியக் கடல் பூங்காவாகவும், 1989ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. சங்கு, முத்துச்சிப்பி, கடல் குதிரை, கடல் அட்டை என 3,600க்கும் மேற்பட்ட உயிர் வகைகள் அங்கே உண்டு. கடல் பசுவை அப்பகுதி மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

பவளம் கல்லா, செடியா, பிராணியா என்று கேட்டேன். "கல்" என்றே பலர் சொன்னார்கள். பிராணிதான்! கடுகளவு உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. குடியிருப்பவர் வாடகைக்குப் பதிலாகச் சமைத்துப் போடுவதுபோல, பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்கே தருகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் பாசியால் வருவதே.

கோடையில் தண்டவாளம் சூடேறி வளைந்துவிடாமலிருக்கச் சூட்டுமானி வைத்துப் பார்ப்போம். ஒரு அளவைத் தாண்டினால் ரோந்துக்கு ஆள் அனுப்புவோம். பவளத்துக்கும் அப்படியொரு எல்லை உண்டு. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஓரிரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால், பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. உடனே சாவதில்லை. நீர் குளிர்ந்தால் பாசி திரும்பலாம், இல்லாவிட்டால் பட்டினிதான். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் இப்படி நடந்தது.

"ஐதராபாத்தில் இருக்கிற நமக்கென்ன?" என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி. கடலே இல்லாத நம் ஊரில், பிரகதி நகரில், இன்காய்ஸ் எனப்படும் கடல்சார் தகவல் மையம் இருக்கிறது. செயற்கைக்கோள் தரும் வெப்ப அளவைப் பார்த்துப் பவளம் வெளுக்கும் அபாயத்தை முன்கூட்டிச் சொல்வது இங்கிருந்துதான். சுனாமி எச்சரிக்கையும் இங்கிருந்தே.

சூட்டுக்கு முன்பே மனிதன் கைவைத்துவிட்டான். சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளத்தைப் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனதால் கரை அரித்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2001ல்தான் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைத்தது.

வகுப்பில் நான் சொல்லாமல் விட்டதை வீட்டுக்கு வந்ததும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நம்ம ஷோகேஸ்ல இருக்கிறதும் அதுதானே?"

அதுதான். 1985ல் இராமேசுவரத்தில் சில ரூபாய்க்கு வாங்கி, வேட்டியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தது. வெள்ளையாக இருப்பதுதான் அழகு என்று அன்று நினைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நூற்றுக்கணக்கான குழிகள். ஒவ்வொன்றும் ஓர் உயிரின் வீடு. அதை வனத்துறையிடம் ஒப்படைக்க எண்ணியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம்.