ஆதார் ஜெராக்ஸைக் கொடுக்கும் முன்

லாட்ஜில் அறை எடுத்தாலும், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாலும், "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க" என்கிறார்கள். நாமும் நீட்டிவிடுகிறோம். நம் பெயரும் முகவரியும் பிறந்த தேதியும் 12 இலக்க எண்ணும் இருக்கிற தாள் அது. யார் மேஜையில் கிடக்கும், யார் வாட்ஸ்அப்புக்குப் போகும் என்று பிறகு நமக்குத் தெரியாது.

அடையாளம் காட்ட மட்டும்தான் என்றால் ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதுமா என்று முதலில் கேளுங்கள். ஆதார்தான் வேண்டும் என்றால் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். மைஆதார் இணையதளத்தில் ஆதாரைப் பதிவிறக்கும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்ற கட்டத்தில் டிக் செய்தால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் அட்டை வரும். பிரவுசிங் சென்டரில் எடுத்தால் கோப்பை அழித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். முழு நகல் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று படத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இதைவிட முக்கியமானது கைரேகை. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலேயே கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். வங்கிக்கு நடக்க முடியாத கிராமத்து முதியவர்களுக்கு இது பெரிய உதவி. அதனால் இந்த வசதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்துப் பணத்தைச் சுருட்டிய மோசடிகள் நாட்டில் நடந்திருக்கின்றன. அதே மைஆதார் தளத்தில் ‘பயோமெட்ரிக் லாக்’ இருக்கிறது, கட்டணம் கிடையாது. பூட்டிவிட்டால் ரேஷன் கடையில் கைரேகை எடுக்காது. போகும் முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்த ஜெராக்ஸை வைத்து யாராவது சிம் வாங்கியிருப்பார்களோ என்ற சந்தேகமா? சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது அல்ல’ என்று புகார் செய்யுங்கள்.

செல்போன் எண்ணிலும் இதே கவனம் வேண்டும். துணிக்கடை பில்லுக்கு அதைக் கேட்டால் "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று தயங்காமல் சொல்லலாம். எண்ணைக் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே அறிவுறுத்தியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கணக்கிலிருந்து பணம் திருடுபோனால், வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே அழையுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு.