காய்ச்சல் கணக்கில் ஏறட்டும்

மழைக்காலம் தொடங்கியதும் கையில் டார்ச் விளக்குடன் ஒரு பணியாளர் உங்கள் வாசலுக்கு வருவார். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பார். "நேற்றுதான் கழுவினோம்" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் ஊருக்கு என்ன தேவை என்பதை ஆரம்ப சுகாதார நிலையம் தெரிந்துகொள்ளும் வழிகளில் அந்தத் தொட்டியும் ஒன்று.

100 வீடுகளைப் பார்த்ததில் 12 வீடுகளில் கொசுப்புழு இருந்தால், வீட்டுக் குறியீடு 12. அந்த வீடுகளில் புழு இருந்த தொட்டி, குடம், டயர் எல்லாம் சேர்த்து 20 என்றால், பிரேட்டோ குறியீடு (100 வீடுகளுக்கு எத்தனை நீர்க்கலன்களில் புழு என்ற கணக்கு) 20. இந்தக் குறியீடுகளைச் சுகாதார நிலையத்தின் காய்ச்சல் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். எந்தத் தெருவில் புழுவும் காய்ச்சலும் சேர்ந்து ஏறுகின்றனவோ, ஆட்களும் மருத்துவ முகாமும் அங்கே முதலில் போக வேண்டும்.

புழு ஏன் ஏறுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் வரும் தெருவில் அண்டா, டிரம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தெருவின் மருத்துவத் தேவை ஒழுங்கான குடிநீர் விநியோகம். அது ஊராட்சியின் கையில் இருக்கிறது.

சிமென்ட் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புழு இருந்தால் நெளிந்துகொண்டே அடிக்கு இறங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டையிடும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டைகள் பல மாதம் தாங்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பணியாளர் ஊற்றும் புழுக்கொல்லி மருந்துக்குப் பயந்து தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அளவோடுதான் ஊற்றுகிறார்கள். புகை அடித்தால் போதும் என்று நம்பவும் வேண்டாம். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். புழு அப்படியே இருக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பப்பாளி இலைச் சாறு குடித்துவிட்டு வீட்டிலேயே இருப்பவர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அப்படிப் பத்துப் பேர் இருந்தாலும் அந்தத் தெரு நோயில்லாத தெருவாகத்தான் தெரியும். பதற வேண்டாம், பெரும்பாலான காய்ச்சல்கள் தாமே தணிந்துவிடும். ஆனால் இரண்டு நாளில் தணியாவிட்டால் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும், காய்ச்சல் குறைந்திருந்தாலும், அன்றே போங்கள். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீர் எந்தெந்தத் தேதியில் வந்தது, தெருவில் யாருக்கு எப்போது காய்ச்சல் கண்டது என்று ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுங்கள். அதே தாளைக் கிராம சபையிலும் படியுங்கள். குடிநீர்க் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.