பெண்டஹாரா ஆன தமிழ் வணிகர்

கேள்வி: மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்ததில் தமிழருக்கும் பங்கு உண்டாமே? (வாசகர், கிள்ளான்)

பதில்: உண்டு. 1509இல் போர்த்துகீசியத் தளபதி செக்கேய்ராவோடு வந்து சுல்தானிடம் சிறைப்பட்ட மாலுமிகளுக்குக் கைகொடுத்தவர், நைனா சட்டு என்ற தமிழ் வணிகர். 1511 ஆகஸ்டில் நகரைப் பிடித்த போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க், அவரையே இந்து வணிகர்களுக்குப் பெண்டஹாரா, அதாவது தலைமை அதிகாரி, ஆக்கினார்.

சும்மா அல்ல. கிராம்பு தெர்னாத்தேயிலும் தீடோரேயிலும், ஜாதிக்காய் பண்டாத் தீவுகளிலும் விளைந்தன. அங்கே சரக்கு வாங்கச் சோழமண்டலத் துணி வேண்டும். துணியும் கப்பலும் தமிழர் கையில். பீரங்கியால் கோட்டையைப் பிடிக்கலாம், கிராம்பை வாங்க முடியுமா?

நன்றிக்கடன் மூன்றே வருடம். 1514இல் பதவி சுமாத்திராவின் கம்பார் அரசருக்குப் போனது. அவமானம் பொறுக்காமல் நைனா சட்டு வாசனைக் கட்டைகளை அடுக்கித் தீப்பாய்ந்தார் என்கின்றன போர்த்துகீசிய ஏடுகள்.

அந்தக் காலத் தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள், மலாக்காவின் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கிறார்கள். பேச்சு மலாய், கும்பிடுவது மாரியம்மனை.